காட்டுப்பூனை பிடித்தல்

காட்டுப்பூனை பிடித்தல் என்பது காட்டுப்பூனையைக் கண்ணி, வலை, கூண்டு முதலிய பொறிகளைக் கொண்டு பிடிக்கும் செயலைக் குறிக்கும். வட அமெரிக்காவில் பாப்கேட் எனப்படும் குறுவால் காட்டுப்பூனையைத் தோலுக்காகப் பொறி வைத்துப் பிடித்தல் பல மாநிலங்களில் உரிமத்துடன் நடைபெறும் தொழிலாகும். அவ்விலங்கு இந்தியாவில் இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்ததும் ஏறத்தாழ அதே வகை வாழ்க்கை நடத்துவதுமான காட்டுப்பூனை தமிழ்நாட்டுச் சமவெளிகளில் பரவலாக வாழ்கிறது. இதனைப் பிடிக்கும் வழக்கம் தமிழ்நாட்டிலும் நெடுங்காலம் இருந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 நடைமுறைக்கு வந்து, பின்னர்த் திருத்தப்பட்டபின், இசைவின்றி இதனைப் பிடித்தல் தண்டனைக்குரிய குற்றமாகியுள்ளது. இன்று பொதுமக்களும் மாணவர்களும் சட்டப்படி மேற்கொள்ளக்கூடியது, விலங்கின் உருவத்தை மட்டும் பிடிக்கும் கேமராப் பொறி முறை ஆகும். இக்கட்டுரை சிறீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்மாற்றத்தை விளக்குகிறது.

விலங்கு

காட்டுப்பூனையின் விலங்கியல் பெயர் ஃபெலிஸ் சாவுஸ் என்பதாகும். யோகான் அன்டன் கூல்டென்ஸ்டெட் என்னும் இயற்கையியலாளர் காக்கேசியப் பகுதியின் டெரெக் ஆற்றங்கரையில் பிடிபட்ட விலங்கைக் கொண்டு 1776ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். எகிப்திலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை இது காணப்படுகிறது.

பெயரில் காடு இருந்தாலும் இது அடர்காட்டு விலங்கன்று. நாணலும் கோரையும் வளர்ந்த நீர்நிலைக் கரைகள், முட்புதர்கள், புல்வெளிகள், கரும்பு வயல்கள் ஆகியவையே இதன் விருப்பமான வாழிடங்கள். வீட்டுப்பூனையைவிடப் பெரிய உடலும், நீண்ட கால்களும், மணல் நிறம் அல்லது பழுப்பு நிற உடலும், காது நுனியில் சிறு மயிர்க்கற்றையும், கரிய வளையங்களுடன் கரிய நுனியில் முடியும் குட்டையான வாலும் இதன் அடையாளங்கள்.

எலிகளே இதன் முதன்மை உணவு. இராசத்தான் மாநிலத்தின் சரிசுகா புலிகள் காப்பகத்தில் செய்யப்பட்ட ஆய்வொன்று, ஒரு காட்டுப்பூனை நாளொன்றுக்கு 3 முதல் 5 எலி வகை விலங்குகளை உண்பதாக மதிப்பிட்டது. பறவைகள், முயல், ஓணான், பாம்பு, தவளை முதலியவற்றையும் உண்ணும். கருக்காலம் ஏறத்தாழ 63 முதல் 66 நாள்கள். பெரும்பாலும் 3 அல்லது 4 குட்டிகளை ஈனும்.

பேச்சுவழக்கில் மரநாய், புனுகுப்பூனை ஆகியவற்றையும் காட்டுப்பூனை என்று அழைப்பதுண்டு. இவை பூனைக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. தமிழ்நாட்டில் காணப்படும் துரும்பன் பூனை, சிறுத்தைப்பூனை ஆகியன பூனைக் குடும்பத்தைச் சேர்ந்தவையாயினும் தனி இனங்கள்.

வரலாறு

சங்க இலக்கியத்தில்

சங்க நூல்களில் காட்டுப்பூனை வெருகு என்னும் பெயரால் குறிக்கப்படுகிறது. ஒக்கூர் மாசாத்தியார் இயற்றிய குறுந்தொகை 139ஆம் பாடலில், மாலை வேளையில் வேலியருகே வந்த வெருகுகளைக் கண்டு அஞ்சும் வீட்டுக்கோழி உவமையாக வருகிறது. கோழிக்கும் காட்டுப்பூனைக்கும் இடையிலான சிக்கல் எவ்வளவு பழமையானது என்பதற்கு இப்பாடல் சான்றாகும்.

விலங்குகளைப் பிடிக்கும் பொறிகளும் சங்க நூல்களில் பதிவாகியுள்ளன. பெரிய கல்லைச் சாய்த்து நிறுத்தி, விலங்கு உள்ளே நுழைந்ததும் அது விழுமாறு அமைக்கப்படும் பொறி அடார் எனப்பட்டது. புறநானூறு, நற்றிணை ஆகிய நூல்களில் புலிக்கும் காட்டுப்பன்றிக்கும் அடார் வைக்கப்பட்ட செய்தி உள்ளது.

நரிக்குறவரும் இருளரும்

அண்மைக் காலம் வரை தமிழ்நாட்டுச் சமவெளியில் சிறு விலங்குகளைப் பிடிக்கும் அறிவைப் பெருமளவில் பேணி வந்தோர் நரிக்குறவரும் இருளரும் ஆவர். நரிக்குறவர் வாக்ரிபோலி என்னும் மொழியைப் பேசுவோர். குருவிக்காரர் என்றும் அழைக்கப்படுகின்றனர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் இவர்களைப் பறவைகளையும் நரிகளையும் பிடிப்போராகக் குறித்துள்ளார். நரி, காட்டுப்பூனை, முயல், கௌதாரி ஆகியன இவர்களின் உணவாக இருந்தன. வேட்டை தடைப்பட்டபின் பாசிமணி, ஊசிமணி விற்பனையே பலருக்கு வாழ்வாதாரம் ஆயிற்று. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின் மூலம் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் இவர்கள் சேர்க்கப்பட்டனர்.

பழைய செங்கல்பட்டு மாவட்டப் பகுதிகளில் மிகுதியாக வாழும் இருளர், பாம்பு பிடிப்பதிலும் வளை எலி பிடிப்பதிலும் பெயர் பெற்றவர்கள். எலி வளையின் ஒரு வாயில் புகைப்பானையை வைத்து ஊதி, மறுவாயில் எலியைப் பிடிப்பது இவர்களது முறை. பாம்புத்தோல் ஏற்றுமதி 1976இல் தடை செய்யப்பட்டபோது இவர்களில் பலர் தொழிலை இழந்தனர். ஊர்வனவியலாளர் ரோமுலசு விட்டேக்கரின் முயற்சியுடன் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து, மீண்டும் காட்டில் விடும் முறைக்கு அவர்கள் மாறினர். விலங்கைப் பிடிக்கும் திறமையை, விலங்கை இழக்காமல் பயன்படுத்த முடியும் என்பதற்கு இது தமிழ்நாட்டின் சிறந்த எடுத்துக்காட்டாகும். இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகியோருக்கு 2023இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

தோல் வணிகம்

காட்டுப்பூனை பெருமளவில் கொல்லப்பட்டதற்கு உள்ளூர் உணவுத் தேவையைவிட ஏற்றுமதித் தோல் வணிகமே காரணம். இந்தியாவில் 1979இல் இவ்வணிகம் தடை செய்யப்பட்டபோது வணிகர்கள் தம்மிடம் இருப்பதாக அரசிடம் அறிவித்த காட்டுப்பூனைத் தோல்களின் எண்ணிக்கை 3 இலட்சத்திற்கும் மேற்பட்டது. இது கையிருப்பு மட்டுமே. அதற்கு முன் ஏற்றுமதியானவை இதில் அடங்கா.

பொறி வகைகள்

கண்ணி: கயிறு, நரம்பு அல்லது கம்பியால் ஆன சுருக்கு. விலங்கு செல்லும் தடத்தில் வைக்கப்படும். விலங்கு முன்னேறும்போது சுருக்கு இறுகும். குறிப்பிட்ட விலங்கு மட்டும் சிக்கும் என்ற உறுதி இதில் இல்லை. முயலுக்கு வைத்த கண்ணியில் காட்டுப்பூனையும், மயிலும், நாயும், ஆட்டுக்குட்டியும் சிக்கலாம். தப்பிக்கப் போராடும் விலங்கின் கால் அல்லது கழுத்து அறுபடும்.

வலை: தடத்தின் குறுக்கே கட்டி, விலங்கை விரட்டிச் சிக்கவைப்பது. பலர் கூடிச் செய்ய வேண்டியது.

காற்பிடிப் பொறி: வில்லிரும்பால் இயங்கும் இரு தாடைகளைக் கொண்டது. விலங்கு மிதித்தவுடன் காலைக் கவ்வும். இதனைப் பயன்படுத்துதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் 1995 முதல் தடை செய்யப்பட்டுள்ளது.

கூண்டுப் பொறி: கம்பி வலையால் ஆன பெட்டி. உள்ளே மிதிபலகை இருக்கும். விலங்கு மிதித்தவுடன் கதவு மூடிக்கொள்ளும். விலங்குக்குக் காயம் குறைவு. தவறாகச் சிக்கியதை விடுவிக்கவும் இயலும். எனவே மீட்புப் பணிகளில் இதுவே பயன்படுகிறது. ஆயினும் வெயிலில் நெடுநேரம் விடப்பட்டால் உள்ளிருக்கும் விலங்கு இறக்கக்கூடும். கூண்டைத் துணியால் மூடி இருளாக்குவது விலங்கின் அச்சத்தைக் குறைக்கும்.

கேமராப் பொறி: விலங்கு கடக்கும்போது தானாகப் படம் எடுக்கும் கருவி. இது பின்னர் விரிவாகக் கூறப்படுகிறது.

சட்ட நிலை

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 தொடக்கத்தில் வேட்டையை முற்றிலும் தடை செய்யவில்லை. அதன் முதல் வடிவில் நான்கு வகை உரிமங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று விலங்குகளைப் பொறி வைத்துப் பிடிப்பதற்கான உரிமம் ஆகும். 1991ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வுரிம முறையை நீக்கியது. அதன்பின், அட்டவணையில் உள்ள விலங்கைப் பொழுதுபோக்குக்காகவோ தொழிலாகவோ பிடிப்பதற்கு இந்தியாவில் சட்டப்படி வழியில்லை. காட்டுப்பூனை அட்டவணையில் இடம்பெற்றுள்ள விலங்காகும்.

இச்சட்டத்தில் வேட்டை என்னும் சொல்லுக்குப் பரந்த பொருள் தரப்பட்டுள்ளது. கொல்லுதல் மட்டுமன்றி, நஞ்சு வைத்தல், பிடித்தல், கண்ணி வைத்தல், பொறி வைத்தல், இரை காட்டி ஈர்த்தல், விரட்டுதல், இவற்றிற்கு முயலுதல் ஆகிய அனைத்தும் வேட்டையே. ஆகவே கண்ணியில் எதுவும் சிக்காவிடினும் கண்ணி வைத்தது குற்றமாகலாம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பொதுவான மீறலுக்கு 3 ஆண்டுகள் வரை சிறையோ 1 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். முதலாம் அட்டவணை விலங்குகளுக்குத் தண்டனை மேலும் கடுமையானது.

விதிவிலக்குகள் இரண்டு பிரிவுகளில் உள்ளன. 11ஆம் பிரிவின்படி, மனித உயிருக்கு ஆபத்தான அல்லது மீட்க முடியாத அளவு நோயுற்ற விலங்கைப் பிடிக்க அதிகாரமுள்ள வன அலுவலர் எழுத்து மூலம் ஆணையிடலாம். 12ஆம் பிரிவின்படி, கல்வி, அறிவியல் ஆய்வு முதலிய நோக்கங்களுக்குத் தலைமை வன உயிரினக் காப்பாளர் இசைவு வழங்கலாம். கோழி இழந்த ஒருவர் தாமாகக் கூண்டு வைப்பது இவ்விரண்டிலும் அடங்காது.

பிற நாடுகளில்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பாப்கேட்டைப் பிடிக்கும் விதிகளை ஒவ்வொரு மாநிலமும் தனியே வகுக்கிறது. உரிமம், பருவகாலம், பொறியைச் சோதிக்க வேண்டிய கால இடைவெளி ஆகியன இடத்துக்கு இடம் வேறுபடும். பாப்கேட், காட்டுப்பூனை ஆகிய இரண்டுமே அழிவாய்ப்பு இனங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் உள்ளன. எனவே பாப்கேட் தோலை ஏற்றுமதி செய்ய ஆவணம் தேவை. கலிபோர்னியா மாநில ஆணையம் 2015இல் பாப்கேட்டைப் பொறி வைத்துப் பிடிப்பதைத் தடை செய்தது. அந்நாட்டுக் கையேடுகளில் தொடக்கநிலையினருக்குக் கூறப்படும் வழிமுறைகள் இந்தியாவுக்குப் பொருந்தா. அவற்றைப் பின்பற்றுவது இங்குக் குற்றமாகும்.

சிறீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் சிறீபெரும்புதூர்–ஒரகடம் பகுதி, ஏரிப்பாசனத்தை நம்பியிருந்த வேளாண் நிலப்பரப்பாகும். செம்பரம்பாக்கம், சிறீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஆகிய ஏரிகளும் பல சிற்றேரிகளும் இங்கு உள்ளன. ஏரியின் நீர்ப்பிடிப்பு ஓரத்தில் கோரை, கரையில் கருவேலம், கீழே நெல்வயல், வயலில் எலி என்னும் இவ்வமைப்பு காட்டுப்பூனைக்கு மிகவும் ஏற்றது.

1990களின் பிற்பகுதியிலிருந்து இந்நிலப்பரப்பு விரைந்து மாறியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலை 2010இலும் டைம்லர் சரக்குந்துத் தொழிற்சாலை 2012இலும் திறக்கப்பட்டன. சிப்காட் நிறுவனத்தின் தொழிற்பூங்காக்கள் இருங்காட்டுக்கோட்டை, சிறீபெரும்புதூர், ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம்–வடகால் ஆகிய இடங்களில் அமைந்தன.

இவ்வகை மாற்றம் காட்டுப்பூனையை மூன்று வழிகளில் பாதிக்கக்கூடியது. முதலாவது, புதர் நிலம் மதிற்சுவர்களால் துண்டாக்கப்படுகிறது. இரண்டாவது, அகலப்படுத்தப்பட்ட சாலைகளில் இரவு முழுவதும் சரக்குந்துகளும் பணிமுறைப் பேருந்துகளும் செல்கின்றன. அந்தியிலும் விடியலிலும் இரை தேடும் விலங்கு அடிபட வாய்ப்பு மிகுதி. மூன்றாவது, உணவுக்கழிவு குவியும் இடங்களில் எலிகள் பெருகும். எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தாலும், அதே கழிவால் பெருகும் தெருநாய்கள் அதன் குட்டிகளுக்கு எமனாகின்றன.

எனினும், பயன்படுத்தப்படாத மனைகளும் மழைநீர் வடிகால் ஓரங்களும் ஏரிக்கரைகளும் இவ்விலங்குக்குப் புகலிடமாக முடியும். கண்ணி வைப்பதைத் தடுப்பதற்கு மட்டுமே சட்டம் உதவும். இப்பகுதியில் காட்டுப்பூனை நீடிப்பது ஏரிக்கரைப் புதர்கள் எஞ்சுவதைப் பொறுத்தது.

கோழி இழப்பைத் தடுத்தல்

காட்டுப்பூனை கோழி பிடிப்பது உண்மையே. ஆனால் கோழி காணாமற் போகும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் அது காரணமன்று. நாய், கீரி, மரநாய் ஆகியனவும் கோழியைக் கொல்லும். ஈர மண்ணில் பதிந்த சுவட்டைக் கொண்டு ஓரளவு அறியலாம். பூனையின் சுவட்டில் நான்கு விரல்கள் தெரியும், நகக்குறி தெரியாது. நாயிலும் நரியிலும் நான்கு விரல்களுடன் நகக்குறியும் தெரியும். கீரி, மரநாய் ஆகியவற்றில் ஐந்து விரல்கள் பதியும்.

ஒரு காட்டுப்பூனையை அகற்றினால், இரையும் புதரும் உள்ளவரை அவ்விடத்திற்கு வேறொன்று வரக்கூடும். அத்துடன் வயல் எலிகளும் பெருகும். பொழுது சாயுமுன் கோழிகளைக் கூண்டில் அல்லது பஞ்சாரத்தில் அடைத்தல், கூண்டின் கம்பி வலையைத் தரைக்குள் சிறிது புதைத்தல், கூண்டைச் சுற்றிலும் புதரை நீக்குதல், கோழிக்கழிவைத் திறந்த வெளியில் கொட்டாதிருத்தல் ஆகியன நீடித்த பயன் தரும்.

குட்டிகளைக் காண நேர்ந்தால்

அறுவடைக் காலத்தில் வயல்களிலும், நிலம் சமன்படுத்தும்போது புதர்களிலும் காட்டுப்பூனைக் குட்டிகள் காணப்படுவதுண்டு. அவற்றை அனாதைகள் என்று கருதி எடுத்துச் செல்வோர் பலர். தாய் பெரும்பாலும் அருகிலேயே இருக்கும். ஆட்கள் அகன்றபின் இருளில் வந்து குட்டிகளை வாயால் கவ்வி வேறிடம் கொண்டு செல்லும். எனவே அப்பகுதியில் வேலையை நிறுத்தி, குட்டிகளைத் தொடாமல், நாய்கள் நெருங்காமல் பார்த்துக்கொண்டு, வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறையாகும். வீட்டில் வளர்ப்பது குற்றம் என்பதுடன், மனிதரிடம் வளர்ந்த குட்டி பின்னர்க் காட்டில் வாழ்வதும் அரிது.

குட்டி கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும்.

கேமராப் பொறி

வளர்ச்சி

காட்டு விலங்குகளைத் தாமாகவே படமெடுக்க வைக்கும் முறையை அமெரிக்கரான ஜார்ஜ் சிராசு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கையாண்டார். இந்தியாவில் வன அலுவலர் எஃப். டபிள்யூ. சாம்பியன் 1920களில் தடத்தின் குறுக்கே கம்பி கட்டி, அதைத் தொட்ட புலிகள் படமெடுக்கப்படுமாறு செய்தார். உல்லாசு கரந்த் 1990களில் நாகரகொளையில் புலிகளின் வரிகளைக் கொண்டு தனித்தனிப் புலிகளை அடையாளம் கண்டு எண்ணிக்கையை மதிப்பிடும் முறையை நிறுவினார்.

இயங்கும் முறை

இன்றைய கருவிகளில் அகச்சிவப்பு உணரி உள்ளது. சுற்றுப்புறத்தின் வெப்பநிலையிலிருந்து வேறுபட்ட பொருள் நகரும்போது உணரி அதை அறிந்து படக்கருவியை இயக்கும். இரவில் அகச்சிவப்பு விளக்கொளியில் கருப்பு வெள்ளைப் படம் கிடைக்கும். கோடை நண்பகலில் சுற்றுப்புற வெப்பம் விலங்கின் உடல் வெப்பத்தை நெருங்குவதால் உணரி தவறவிட வாய்ப்புண்டு. காட்டுப்பூனை பெரிதும் அந்தியிலும் இரவிலும் விடியலிலும் நடமாடுவதால் இக்குறை பெரிதாகப் பாதிப்பதில்லை.

தொடக்கநிலையினருக்கான வழிமுறை

1. இசைவு பெறுதல்: காப்புக்காடுகளில் வனத்துறையின் இசைவின்றிக் கருவி வைக்கக்கூடாது. தனியார் நிலம், கல்லூரி, தொழிற்சாலை வளாகம் ஆகியவற்றில் உரிமையாளரின் இசைவு தேவை. தொழிற்சாலைகளில் பாதுகாப்புப் பிரிவுக்கும் முன்னரே தெரிவிக்க வேண்டும்.

2. இடத்தைத் தெரிதல்: ஏரிக்கரை, வரப்பு, வடிகால் ஓரம் முதலிய ஒற்றையடித் தடங்களில் சுவடும் எச்சமும் தேட வேண்டும். தடத்தில் மெல்லிய மண்ணைத் தூவிச் சமப்படுத்தி, மறுநாள் சுவடு பார்ப்பது செலவற்ற முறை. சுவடு அறிந்த இருளர் எவரேனும் உடன்வந்தால் பல நாள் உழைப்பு குறையும். அவர்களுக்கு உரிய ஊதியம் வழங்க வேண்டும்.

3. பொருத்துதல்: தரையிலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. உயரத்தில், தடத்திலிருந்து 2 முதல் 3 மீட்டர் தொலைவில் மரத்திலோ முளையிலோ கட்ட வேண்டும். கிழக்கு, மேற்குத் திசைகளை நோக்கினால் வெயில் நேரே பட்டு வெற்றுப் படங்கள் குவியும். முன்னால் அசையும் புல்லை மட்டும் நீக்கலாம், புதரை வெட்டக்கூடாது.

4. சரிபார்த்தல்: நாள், நேரம் ஆகியவற்றைச் சரியாக அமைத்து, கருவியின் முன் தவழ்ந்து சென்று படம் பதிவாகிறதா என்று பார்க்க வேண்டும்.

5. இரை வைக்காமை: இறைச்சியோ கோழியோ வைத்து ஈர்த்தல் சட்டத்தின் வேட்டை வரையறைக்குள் வரக்கூடும். நாய்களையும் அது அழைத்துவரும்.

6. மனிதர்களின் தனியுரிமை: குளிக்கும் துறை, ஒதுங்கும் இடம் ஆகியவற்றின் அருகே வைக்கக்கூடாது. தற்செயலாகப் பதிவான மனிதப் படங்களை அழித்துவிட வேண்டும்.

7. பதிவு செய்தல்: ஒவ்வொரு படத்திற்கும் இடம், நாள், நேரம், விலங்கு ஆகியவற்றைப் பட்டியலிட வேண்டும். துல்லியமான இடத்தைப் பொதுவெளியில் வெளியிட்டால் வேட்டையாடுவோருக்கு அது உதவும். ஊர் அல்லது ஒன்றியத்தின் பெயர் மட்டும் போதும்.

வரம்புகள்

புலிக்கு வரியும் சிறுத்தைக்குப் புள்ளியும் இருப்பதுபோல் காட்டுப்பூனைக்குத் தெளிவான உடற்குறிகள் இல்லை. பத்துப் படங்கள் பத்துப் பூனைகளா, ஒரே பூனையா என்று உறுதியாகக் கூறுவது கடினம். ஆகவே இம்முறையால் எண்ணிக்கையைவிட, ஓரிடத்தில் விலங்கு உள்ளதா, எந்நேரம் நடமாடுகிறது, குட்டி ஈனுகிறதா என்பனவற்றையே நம்பகமாக அறியலாம். ஓர் ஏரிக்கரையைத் தூர்ப்பதா, விட்டுவைப்பதா என்ற முடிவு எடுக்கப்படும்போது, அங்கு எவ்விலங்கு வாழ்கிறது என்பதற்கு நாளும் நேரமும் பதிந்த படம் ஏற்கத்தக்க சான்றாகும்.

இவற்றையும் பார்க்க

காட்டுப்பூனை
துரும்பன் பூனை
இருளர்
நரிக்குறவர்
வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972
செம்பரம்பாக்கம் ஏரி